ஸ்டியரிங் ஆடியோ பட்டன் மக்கர் பண்ணுதா? பார்ட் மாத்துறதுக்கு முன்னாடி நம்ம கடலோரத்துக்காரங்க செய்ய வேண்டிய வேலை

ஸ்டியரிங்ல இருக்க வால்யூம் பட்டன் வேலை செய்யல, இல்லன்னா சவுண்ட ஏத்துனா பாட்டு மாறுது, இல்லன்னா யாரும் தொடாமலே தானா சவுண்ட் ஏறிக்கிட்டே போகுது. ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டின்னு கடல ஒட்டி கார் ஓட்டுறவங்களுக்கு இந்த மூணும் ரொம்பப் பழக்கமான தொல்லை. கடைக்குக் கொண்டு போனா பெரும்பாலும் ரெண்டு பதில்தான் வரும், செட்டு (டேஷ்போர்டுல இருக்க பாட்டுப் பெட்டி) போச்சு, இல்ல கிளாக் ஸ்பிரிங் (ஸ்டியரிங் நடுவுல இருக்க சுருள் கேபிள்) போச்சு. ரெண்டுமே நல்லா காசு புடிக்கிற வேலை. எங்க தப்புன்னு பிரிச்சுப் பாக்காம அந்தக் காச குடுத்துடாதீங்கன்னு சொல்லத்தான் இத எழுதுறேன், புதுசா கார் வாங்கினவங்க, கையில ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்குற சின்ன மீட்டர்) மட்டும் வச்சிருக்கவங்க கூட இதுல முக்கால்வாசி வேலைய வீட்டு வாசல்லயே பாத்துடலாம்.

பட்டன் போனா என்ன, ஸ்கிரீன்ல தொட்டுக்கலாமேன்னு விட்டுடவும் கூடாது. 1988ல தொறந்த பாம்பன் ரோடு பாலத்துல போறப்ப பாருங்க, ரெண்டு பக்கமும் வண்டிய ஓரங்கட்டிட்டு ரயில் பாலத்தப் பாக்க ஜனம் நிக்கும், பக்கவாட்டுல காத்து தள்ளும், எதிர்ல டூரிஸ்ட் பஸ் வரும். அந்த நேரத்துல போன் வந்து அத எடுக்க ஸ்கிரீனத் தேடுனீங்கன்னா கண்ணு ரோட்டுல இருக்காது. பட்டன ஸ்டியரிங்ல வச்சதே அதுக்குத்தான்.

முதல்ல சிக்னல் எந்த வழியா போகுதுன்னு தெரிஞ்சுக்குங்க

நீங்க அமுக்குற பட்டன்ல இருந்து செட்டு வரைக்கும் நாலு இடம் இருக்கு. பட்டன், அதுக்குப் பின்னாடி ஸ்டியரிங் நடுவுல இருக்க கிளாக் ஸ்பிரிங், அங்கேருந்து டேஷ்போர்டுக்கு அடியில போற ஒயரும், ஒயர சொருகி இணைக்கிற கப்ளரும், கடைசியா செட்டு. கிளாக் ஸ்பிரிங்க சில பேரு ஸ்பைரல் கேபிள்னு சொல்வாங்க, தையக்காரர் டேப்ப டப்பாக்குள்ள சுருட்டி வச்ச மாதிரி ஒரு பட்டையான கேபிள் வட்டப் பெட்டிக்குள்ள சுருண்டு கிடக்கும், ஸ்டியரிங்க ஒடிக்கும்போது ஒரு பக்கம் இறுகும் மறுபக்கம் தளரும். ஆடியோ பட்டன் ஒயர் மட்டும் இல்ல, ஹாரன், டிரைவர் ஏர்பேக், க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தா அதுவும் பெரும்பாலான கார்ல இது வழியாத்தான் போகுது. இத மனசுல வச்சுக்குங்க, கண்டுபுடிக்கிறதுல பாதி இதுலதான் இருக்கு.

அடுத்தது, ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி ஒயர் கிடையாது. நெறைய கார்ல ஒன்னு ரெண்டு ஒயர்லயே எல்லாப் பட்டனும் ஓடும். ஒவ்வொரு பட்டன அமுக்குறப்பவும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டன்ஸ் (கரண்ட்டுக்கு இருக்க தடை, ஓம்ல அளப்பாங்க) சேரும், செட்டு அந்த ஒயர்ல வர்ற வோல்ட்ட அளந்து இது வால்யூம், இது நெக்ஸ்ட்னு புரிஞ்சுக்கும். ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். செட்டுக்குள்ள 1000 ஓம் வழியா 5 வோல்ட் வருது, வால்யூம் பட்டன் 330 ஓம்னு வச்சுக்குங்க, அப்ப செட்டுக்குத் தெரியறது கிட்டத்தட்ட 1.24 வோல்ட். அந்தப் பட்டனோட கான்டாக்ட்ல உப்பும் களிம்பும் ஏறி கூடுதலா ஒரு 200 ஓம் சேந்துச்சுன்னா அதே பட்டன் 1.73 வோல்ட் காட்டும். செட்டு அத வேற பட்டன்னு எடுத்துக்கிட்டு பாட்ட மாத்திடும். அதனால "சவுண்ட ஏத்துனா பாட்டு மாறுது"ன்னா செட்டுக்குப் பைத்தியம் புடிக்கல, அதுக்குப் போற கணக்குதான் மாறிப்போச்சு. அதே மாதிரி ஈரம் ஏறி பட்டனுக்குள்ள கரண்ட் கசிஞ்சா அமுக்காமலே அமுக்குன மாதிரி ஆகும், தானா சவுண்ட் ஏறுறது அதுதான்.

நம்ம ஊர்ல இது ஏன் அதிகம்

உப்பு. வடகடல் (பாக் நீரிணை) பக்கம் வாடைக்காத்து, தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கச்சான் காத்து, வருஷம் பூரா ஏதோ ஒரு காத்து உப்ப சுமந்துக்கிட்டு வந்து கார்ல அப்புது. சாதா உப்பு காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தத் தாண்டுனா தானாவே ஈரத்த இழுத்து கரைய ஆரம்பிச்சுடும், கடலோரத்துல ராத்திரி விடியக்காலையில அந்த அளவு சர்வ சாதாரணமா வந்துடும். பட்டன் இடுக்குல ஒட்டுன உப்பு பகல்ல காஞ்சு பொடியா இருக்கும், ராத்திரியில கரைஞ்சு தண்ணியா ஓடும், மறுபடி காயும். இப்படியே செம்பு மேல பச்சைக் களிம்பு ஏறிடும்.

இதோட நாம செய்யறதும் சேந்துக்குது. அக்னி தீர்த்தத்துல முங்கிட்டு ஈரக் கையோட வந்து ஸ்டியரிங்கப் புடிக்கிறது, தனுஷ்கோடி அரிச்சல்முனையில கண்ணாடிய எறக்கி விட்டுட்டு கடலப் பாக்கப் போறது, மீன் பெட்டிய ஐஸோட டிக்கியிலயும் சீட்டுக்கு அடியிலயும் வச்சு கொண்டு போறது. அந்த ஐஸ் தண்ணி கார்ப்பெட்டுக்கு அடியில எறங்கி, கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல பாடியில போல்ட் போட்டிருக்க எர்த் பாயின்ட்ட (கரண்ட் பாட்டரி மைனஸுக்கு திரும்பிப் போற இடம்) தின்னுடும். எர்த் கெட்டா பட்டன் மட்டும் இல்ல, லைட்டு, செட்டு, கண்ணாடி எல்லாமே மாத்தி மாத்தி குழப்பும்.

சீட்ல உக்காந்தபடியே பாக்க வேண்டியது

எதையும் கழட்ட வேணாம். சாவிய ஆன் பண்ணுங்க, மீட்டர்ல ஏர்பேக் லைட் சில நொடி எரிஞ்சு அணையணும். அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா, இல்ல ஓட்டும்போது விட்டு விட்டு எரிஞ்சா அது பெரிய அடையாளம். அடுத்து ஹாரன் அடிங்க. ஹாரனும் இல்ல, ஆடியோ பட்டனும் இல்ல, ஏர்பேக் லைட்டும் எரியுதுன்னா கிளாக் ஸ்பிரிங் அறுந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. பாட்டு கேக்க முடியாதது அப்புறம், முட்டிக்கிட்டா ஏர்பேக் விரியாமப் போகலாம், அதனால வேற எதையும் நோண்டாம நேரா ஒர்க்ஷாப்புக்குப் போங்க, அவசரம்னு சொல்லிப் போங்க.

ஹாரன் நல்லா இருக்கு, லைட்டும் அணைஞ்சிடுதுன்னா நிம்மதியா அடுத்ததப் பாக்கலாம். வண்டிய சமமான இடத்துல நிப்பாட்டி, இஞ்சின ஓட விட்டு, ஒரு பட்டன அமுக்கிக்கிட்டே ஸ்டியரிங்க மெதுவா இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒடிங்க. ஒரு கோணத்துல வேலை செஞ்சு இன்னொரு கோணத்துல நின்னுபோச்சுன்னா கிளாக் ஸ்பிரிங் கேபிள்ல விரிசல், இன்னும் முழுசா அறுகல அவ்வளவுதான். எந்தக் கோணத்துலயும் ஒரே மாதிரி தப்பு பண்ணுதுன்னா பெரும்பாலும் பட்டன் பக்கமோ செட்டு பக்கமோ தேடணும்.

அப்புறம் எல்லாப் பட்டனும் போச்சா, ஒன்னு ரெண்டு மட்டுமான்னு பாருங்க. ஒன்னு ரெண்டுன்னா அந்தப் பட்டன் கான்டாக்ட்தான், அழுத்தி அமுக்குனா வேலை செய்யும் லேசா தொட்டா செய்யாது, காலையில மக்கர் பண்ணும் மத்தியானம் வெயில்ல வண்டி காஞ்சதும் சரியாயிடும். இந்த காலை மத்தியானம் வித்தியாசம் இருந்துச்சுன்னா ஈரம்தான்னு தைரியமா சொல்லலாம். எல்லாமே போயிருந்தா கப்ளர், கிளாக் ஸ்பிரிங், செட்டு மூணுல ஒன்னு. ராத்திரியில பட்டனோட லைட் எரியுதான்னும் பாருங்க, லைட்டும் சேந்து போயிருந்தா பட்டனுக்கு வர்ற கரண்ட்டோ எர்த்தோ இல்லன்னு ஒரு துப்பு கிடைக்கும்.

செட்டையும் பியூசையும் பாத்துடுங்க

செட்ட ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணுங்க, நெறைய செட்டுல ஊசி விடுற மாதிரி சின்ன ரீசெட் ஓட்டை இருக்கும். ஸ்கிரீன்ல தொட்டா வால்யூம் ஏறுதான்னு பாருங்க, அதுவும் ஏறலன்னா பட்டன குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. பியூஸ் பெட்டி எங்க, எது ஆடியோ, எது ஏசிசி (சாவிய ஒரு நிலை திருப்புனா செட்டு, சார்ஜருக்கு வர்ற கரண்ட்)ன்னு வண்டியோட வந்த புத்தகத்துல படம் போட்டிருப்பாங்க. டயருக்கு காத்தடிக்கிற சின்ன கம்ப்ரஸர சிகரெட் லைட்டர் பாயின்ட்ல சொருகி பியூஸ் போன கேஸ் நெறைய. போயிருந்தா அதே ஆம்பியர்ல போடுங்க, பெருசா போடுறது, கம்பி சுத்துறது வேணாம்.

வெளிய மாட்டுன ஆண்ட்ராய்டு செட்டுன்னா கதையே வேற, டாக்ஸி ஓட்டுற தம்பிமாருங்க வண்டியில பெரும்பாலும் இதுதான். செட்டுக்குப் பின்னாடி கீ ஒன்னு, கீ ரெண்டுன்னு ரெண்டு ஒயர் இருக்கும், கார்ல இருந்து வர்ற பட்டன் ஒயர் அதுல சேரணும், பட்டனோட எர்த்தும் சேந்திருக்கணும். பாட்டரி மாத்துனதுக்கு அப்புறமோ ஜம்ப் ஸ்டார்ட் பண்ணுனதுக்கு அப்புறமோ பட்டன் மறந்துபோச்சுன்னா செட்டிங்ஸ்ல ஸ்டியரிங் வீல்னு இருக்கறதுக்குள்ள போங்க, பழையத அழிச்சுட்டு ஸ்கிரீன்ல வால்யூம் படத்தத் தொட்டு, ஸ்டியரிங்ல அந்தப் பட்டன அமுக்கிப் புடிச்சு, அது ஏத்துக்கிட்டதும் அடுத்ததுக்குப் போங்க, கடைசியில சேவ் குடுக்க மறக்காதீங்க. சில செட்டுல மொதல்ல பட்டன அமுக்கிட்டு அப்புறம் படத்தத் தொடணும். ஒவ்வொரு தடவ சாவிய ஆஃப் பண்ணுனதும் மறந்துபோகுதுன்னா மஞ்ச ஒயரப் பாருங்க, அது எப்பவும் பாட்டரி கரண்ட் வர்ற இடத்துல இருக்கணும், செவப்பு சாவி போட்டா மட்டும் வர்ற இடத்துல இருக்கணும், ரெண்டையும் மாத்திக் குடுத்துட்டா செட்டுக்கு ஞாபகம் நிக்காது. கேன் பஸ் டப்பா (காரோட டிஜிட்டல் சிக்னல செட்டுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்குற பெட்டி) வச்ச செட்டுன்னா ஃபேக்டரி செட்டிங்ல உங்க கார் மாடல் சரியா தேர்வு பண்ணியிருக்கான்னு மாட்டுனவர்கிட்டயே கேளுங்க. ஸ்டியரிங்ல பட்டை போட்டு கட்டுற ஒயர்லெஸ் பட்டன்னா உள்ள இருக்க காசு மாதிரி செல்ல மாத்திப் பாருங்க, பல மாடல்ல சி.ஆர் 2032 வரும்.

மல்டிமீட்டர் வச்சுப் பாக்கறது

இதுதான் முக்கியமான கட்டம், ஏர்பேக் பக்கமே போகாம தப்பு எந்தப் பக்கம்னு இங்கயே தெரிஞ்சுடும். ஐநூறு ரூபாய்க்குள்ள கிடைக்கிற சாதா மீட்டர் போதும்.

கம்பெனி செட்டுக்கு ரேடியோ கோட் (பாட்டரி கழட்டி மாட்டுனா செட்டு கேக்குற ரகசிய நம்பர்) கேக்கும்னா அத முதல்ல எழுதி வச்சுக்குங்க. ஸ்டியரிங் லாக் விழாம சாவிய வச்சுட்டு, பாட்டரியோட மைனஸ் டெர்மினல 10ஆம் நம்பர் ஸ்பேனர் போட்டு கழட்டி தள்ளி வைங்க. பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா லாக் எடுத்த பின்னாடி பாட்டரிய கழட்டணும். செட்ட வெளிய இழுத்து பின்னாடி இருக்க கப்ளர பிடுங்குங்க. பிடுங்குனதும் அப்படியே மூஞ்சிக்கு நேரா வச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, பின்னு பளபளன்னு இருக்கணும், ஓரத்துல வெள்ளையா மாவு மாதிரி இருந்தா உப்பு, பச்சையா பாசி மாதிரி இருந்தா களிம்பு. கீழக்கரை காக்கா (அங்க அண்ணன அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தர்கிட்ட செட்டையே மாத்தணும்னு ஒரு கடையில விலை சொல்லி அனுப்பியிருந்தாங்க, அவரு வண்டியில இந்தக் கப்ளர்ல ஒரே ஒரு பின்னுல பச்சை ஏறியிருந்துச்சு, தொடச்சு மாட்டுனதும் எல்லாப் பட்டனும் வந்துடுச்சு.

கப்ளர் சுத்தமா இருந்தா மீட்டர 20 கிலோ ஓம் ரேஞ்சுல வைங்க, அளவு கம்மியா காட்டுனா 2 கிலோ ஓமுக்கு எறக்குங்க. கார்ல இருந்து வர்ற கப்ளர்ல பட்டன் ஒயர்ல ஒரு முனை, பட்டனோட எர்த்துல இன்னொரு முனை. எது எந்தப் பின்னுன்னு உங்க மாடலோட ஒயரிங் படத்தப் பாத்து உறுதி பண்ணிட்டுத்தான் வைக்கணும், தோராயமா குத்தாதீங்க. இப்ப ஒருத்தர் உள்ள உக்காந்து ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் புடிக்கணும், நீங்க அளவ பேப்பர்ல எழுதணும்.

"தம்பி, வால்யூம் ஏத்துறத அமுக்கு."

"அமுக்கிட்டேன்ணே."

"எடுக்காத, அப்படியே புடி. நம்பர் ஆடுது."

"நான் அசையாமத்தான்ணே புடிச்சிருக்கேன்."

இப்படி ஒருத்தர் அசையாம புடிச்சும் நம்பர் 300க்கும் 700க்கும் நடுவுல ஆடுனா அந்தப் பட்டன் கான்டாக்ட் அழுக்கு. நல்ல பட்டன்னா அமுக்குனதும் ஒரு நம்பர்ல வந்து நிக்கும், பத்து தடவ அமுக்குனாலும் கிட்டத்தட்ட அதே நம்பர். பட்டனுக்கு பட்டன் நம்பர் வேற வேறயா இருக்கணும். எதையும் அமுக்காதப்ப காட்டுற நம்பரும் நிலையா இருக்கணும், அது மெதுவா ஏறி எறங்குனா ஈரத்துல கசியுது. அப்புறம் ஒரு பட்டன புடிச்சுக்கிட்டே ஸ்டியரிங்க ஒடிக்கச் சொல்லுங்க, இஞ்சின் ஓடாததால கனமாத்தான் இருக்கும், நம்பர் திடீர்னு காணாமப் போய் திரும்பி வந்தா கிளாக் ஸ்பிரிங். எல்லாப் பட்டனும் எல்லாக் கோணத்துலயும் நிலையா நம்பர் குடுக்குதுன்னா பட்டன், கிளாக் ஸ்பிரிங், ஒயர் மூணும் சுத்தம், செட்டு பக்கம்தான் வேலை.

புது மாடல்ல சிலதுல பட்டனுக்குள்ளயே சின்ன சிப் வச்சு டிஜிட்டலா அனுப்புவாங்க, அதுல இந்த ஓம் கணக்கு ஒத்து வராது. அந்த வண்டிக்கு ஓபிடி ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டர்ல இருக்க தப்பப் படிக்கிற மெஷின்) போட்டுத்தான் பாக்கணும், தடுமாறாம அங்கயே போயிடுங்க.

பட்டன கழட்டலாமா

பெரும்பாலான கார்ல ஆடியோ பட்டன கழட்டணும்னா முதல்ல ஏர்பேக்க கழட்டணும். 2019 ஜூலை 1க்கு அப்புறம் நம்ம நாட்டுல வர்ற எல்லாக் கார்லயும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம், அதனால உங்க வண்டியில இருக்குன்னே வச்சுக்குங்க. புதுசா கத்துக்கறவங்க இத தனியா தொடவே கூடாது, இதுல நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். மஞ்ச நிற கப்ளர் ஏர்பேக்கோடது, அதுல மீட்டர் முனைய வைக்கவே கூடாது, மீட்டர் விடுற சின்ன கரண்ட்டே அத வெடிக்க வைக்கலாம். தெரிஞ்ச எலக்ட்ரீசியன் வச்சு செஞ்சாலும் பாட்டரி மைனஸ கழட்டி, கம்பெனி சொல்ற நேரம் காத்திருந்துதான் தொடணும், எவ்வளவுன்னு வண்டிக்கு வண்டி மாறும், பத்து நிமிஷம் விட்டா மனசுக்கு நிம்மதி. கழட்டுன ஏர்பேக்க மூஞ்சி மேல பாத்த மாதிரி வைக்கணும், கவுத்து வச்சா வெடிக்கிறப்ப தூக்கி எறிஞ்சுடும்.

பட்டன் கைக்கு வந்துடுச்சுன்னா சுத்தம் பண்றது ஈஸி, ஆனா முறை இருக்கு. பிரிச்சா உள்ள ஒரு ரப்பர் பாய் இருக்கும், ஒவ்வொரு பட்டனுக்கு நேராவும் அதுல கறுப்பா ஒரு கார்பன் பொட்டு, அதுக்கு எதிர்ல போர்டுல சீப்பு மாதிரி பிரிண்ட் பண்ணியிருப்பாங்க. எல்லாரும் நேரா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால எடுத்து துடைப்பாங்க, ஆனா உப்பு ஆல்கஹால்ல சரியா கரையாது. முதல்ல பாட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர பட்ஸ்ல லேசா தொட்டு துடைச்சு உப்ப எடுங்க, அப்புறம் ஆல்கஹால் போட்டு ஈரத்த எடுங்க. நம்ம போர் தண்ணிய தொடவே வேணாம், உப்ப எடுக்கப் போய் உப்பையே பூசின மாதிரி ஆயிடும். சானிடைசர் ஜெல், பெட்ரோல், தின்னர் எதுவும் வேணாம். கார்பன் பொட்டையும் பிரிண்ட்டையும் உப்புத்தாள் போட்டு தேய்ச்சா கதை முடிஞ்சது, துடைச்சா போதும். உலோகப் பின்னுல இருக்க களிம்ப மட்டும் பென்சில் ரப்பர் வச்சு லேசா தேய்ச்சுக்கலாம். நிழல்ல ஒரு ராத்திரி காய விட்டு மாட்டுங்க.

அதுக்கப்புறம் தெனமும் பாக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம். கடல்ல எறங்கிட்டு வந்தா நல்ல தண்ணியில கை கழுவி துடைச்சுட்டு ஸ்டியரிங்கப் புடிங்க. பாலீஷ், ஸ்பிரே எதுவா இருந்தாலும் துணியில அடிச்சு துடைங்க, பட்டன் மேல நேரா அடிச்சா இடுக்குல எறங்கி தூசியப் புடிச்சுக்கும். வாரத்துக்கு ஒரு தடவ நல்ல தண்ணியில நனைச்சு நல்லா பிழிஞ்ச துணியால பட்டன் ஓரத்த துடைங்க. மீன் ஏத்துனா பெட்டிக்கு அடியில தார்ப்பாய் போடுங்க.

கிளாக் ஸ்பிரிங் மாத்தியே ஆகணும்னா

அப்பவும் சில விஷயம் கேட்டு வாங்கிக்கணும். பழைய இரும்புக் கடையில கழட்டுன கிளாக் ஸ்பிரிங் வேணவே வேணாம், ஏர்பேக்கோட உயிர் அதுலதான் இருக்கு. புதுசுல நடுவுல ஒரு பின்னோ ஸ்டிக்கரோ போட்டு சுத்தாம லாக் பண்ணியிருப்பாங்க, மாட்டி முடிக்கிற வரைக்கும் அத எடுக்கக் கூடாது, டயரும் நேரா இருக்கணும். நடுவுல வைக்காம மாட்டுனா ஒரு பக்கம் முழுசா ஒடிக்கும்போது கேபிள் இழுபட்டு அறுந்துடும். ஸ்டியரிங் ராக் (ஸ்டியரிங்க ஒடிச்சா டயரத் திருப்புற பார்ட்) வேலை பாத்துட்டு வந்த கொஞ்ச நாள்லயே ஹாரனும் பட்டனும் சேந்து போச்சுன்னா இதுதான் காரணமா இருக்கும், வேலை பாத்தவங்ககிட்டயே திரும்பக் கொண்டு போங்க.

பழைய பார்ட்ட கையில வாங்கி, எந்தப் பின்னுல இருந்து எந்தப் பின்னுக்கு அறுந்திருக்குன்னு ஆடியோ பட்டன் ஒயர்ல மீட்டர் வச்சுக் காட்டச் சொல்லுங்க. வாரன்டி இருக்க வண்டின்னா ஒயர வெட்டி ஒட்டுற வேலைக்கு சம்மதிக்காதீங்க. காச குடுக்கறதுக்கு முன்னாடி சாவி போட்டு ஏர்பேக் லைட் எரிஞ்சு அணையுதான்னு பாருங்க, நேரா வச்சு, இடது கடைசி, வலது கடைசி மூணு இடத்துலயும் ஹாரனும் ஒவ்வொரு பட்டனும் அடிச்சுப் பாருங்க, ஸ்டியரிங் நேரா இருக்கப்ப டயரும் நேரா இருக்கான்னு கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்துட்டு வண்டிய எடுத்துட்டு வாங்க.